மகனுக்கு மாற்றுக் கல்லீரல், மகளுக்கு மாத்திரை: வில்சன் நோய் எங்கள் வீட்டுக்கு வந்த கதை

மாம்பழ சீசனில் எங்கள் ஊர்க்காரர்களை நிறுத்தி இரண்டு வார்த்தை பேச முடியாது. காவேரிப்பட்டணத்தைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகள் இரவு பகலாக ஓடும். பெங்களூரா காய் ஏற்றிய வண்டிகள் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும். அதில் என்னுடைய டாடா ஏஸும் ஒன்று. அந்த எழுபது எண்பது நாள் ஓட்டத்தில்தான் வண்டித் தவணை, சீட்டுப் பணம், பள்ளிக்கூடக் கட்டணம் எல்லாம் தேற வேண்டும். 2022 ஜூன் கடைசி வாரத்தில் மனைவி போன் செய்து, "மாமா, பையன் கண்ணு மஞ்சளா இருக்கு" என்றபோது நான் அந்த வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தேன். "காமாலையாத்தான் இருக்கும், பச்சிலை வாங்கிக் குடு, சீசன் முடியட்டும் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியை முன்னால் நகர்த்தினேன். இதை ஏன் முதலிலேயே எழுதுகிறேன் என்றால், எங்களுக்குப் போன பணத்தையெல்லாம் பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அந்தப் போன் பேச்சில்தான் எல்லாம் தொடங்குகிறது.

பையனுக்கு அப்போது 13 வயது. பச்சிலைக்காரர் கீழாநெல்லியோடு இன்னும் ஏதோ சேர்த்து அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். உப்பில்லை, எண்ணெய் இல்லை, மூன்று வாரம் பத்தியம். எங்கள் ஊரில் காமாலைக்கு ஊசி போடக் கூடாது என்று இன்றைக்கும் சொல்வார்கள். நானும் அதை நம்பி வளர்ந்தவன்தான். கீழாநெல்லியைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. 1988ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளும்பெர்க்கோடு சேர்ந்து, லான்செட் மருத்துவ இதழில் கீழாநெல்லி பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த வைரஸின் அடையாளம் மறைந்தது என்பது அதன் முடிவு. அப்புறம் வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அதே பலன் கிடைக்கவில்லை. அது கிடக்கட்டும். அந்த ஆராய்ச்சி ஒரே ஒரு வைரஸைப் பற்றியது. காய்ச்சல் போல மஞ்சளும் ஓர் அறிகுறி, அதற்குப் பத்துப் பதினைந்து காரணம் இருக்கும் என்பது எனக்குத் தெரியவில்லை. காரணம் என்ன என்று பார்க்காமலே மூன்று வாரம் போயிற்று. பச்சிலைக்கு ஆன செலவு 900 ரூபாய்தான். ஆனால் மூன்று வாரம் என்பது என் மகனுக்கு எவ்வளவு பெரிய விலை என்று பின்னால்தான் தெரிந்தது.

ஜூலை நடுவில் வயிறு உப்பி, கால் வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனது. பக்கத்து மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பதினோரு நாள், 1,86,000 ரூபாய். வைரஸ் காமாலை என்றே சிகிச்சை கொடுத்தார்கள். வைரஸ் சோதனைகள் எல்லாம் இல்லை என்று வந்த பிறகும், "சில சமயம் காட்டாது" என்றார்கள். கையில் காசு தீர்ந்ததும் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே குழந்தைகள் பிரிவில் ஓர் இளம் பெண் டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் கேட்டார். பையில் கசக்கி வைத்திருந்ததைக் கொட்டினேன். அவரே தேதி வாரியாக அடுக்கினார். பதினோரு நாளில் ஹீமோகுளோபின் 12லிருந்து 8க்கு இறங்கியிருந்தது. எங்கும் ரத்தம் போகவில்லை. இன்னொரு வரியில் விரலை வைத்தார்: ஆல்கலைன் பாஸ்படேஸ், கல்லீரல் சோதனையில் வரும் ஒரு என்சைம். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு வளர்வதால் அது கூடுதலாகத்தான் இருக்குமாம். என் மகனுக்கு மிகக் குறைவாக இருந்தது. இந்த இரண்டையும் பார்த்துத்தான் இது வைரஸ் காமாலை இல்லையோ என்ற சந்தேகம் அவருக்கு வந்தது. அந்த எண் தனியார் மருத்துவமனையின் தாளிலேயே முதல் நாளே அச்சாகியிருந்தது. நாங்கள் காசு கொடுத்து வாங்கிய தாள். அதை யாரும் படிக்கவில்லை. அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன், ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் ஒரு பைலில் வையுங்கள். அடுத்து பார்க்கும் டாக்டருக்கு ஒரு எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் அதிகம் சொல்லும்.

பிறகு அவர் கேட்ட இரண்டு கேள்விகளை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். முதல் கேள்வி, "படிப்பு, கையெழுத்து ஏதாவது மாறியிருக்கா?" ஆறு மாதமாகவே பையனின் கையெழுத்து எறும்பு ஊர்ந்தது போலச் சின்னதாகி, கோணலாகி வந்தது. பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். செல்போன்தான் காரணம் என்று நான் போனைப் பிடுங்கி வைத்தேன். ஒருநாள் நோட்டை விட்டெறிந்து கையும் ஓங்கிவிட்டேன். அப்போதே அவனுக்கு டம்ளர் பிடிக்கும்போது விரல் லேசாக நடுங்கியிருக்கிறது. இரண்டாவது கேள்வி, "சொந்தத்துல கல்யாணமா?" என் மனைவி என் அக்கா மகள். சொன்னேன். டாக்டர் ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாகக் குடும்ப மரம் வரைந்தார். என் அக்கா, அதாவது என் மாமியார், பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவு வராண்டாவில் அவர் அழுதது பையனுக்காக மட்டும் இல்லை. "நாந்தான்டா புடிச்சுக் கட்டி வெச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டாக்டர் அவரைக் கூப்பிட்டு, இது யாருடைய தப்பும் இல்லை, அந்நியத்தில் கட்டியவர்கள் வீட்டிலும் இது வரும், சொந்தத்தில் வாய்ப்புக் கூடும், அவ்வளவுதான் என்று பொறுமையாகச் சொன்னார்.

வில்சன் நோய் என்ற பெயரை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். 1912ல் லண்டனில் வில்சன் என்ற நரம்பியல் டாக்டர் விவரித்த நோய். சாப்பாட்டில் வரும் செம்புச் சத்தில் உடம்புக்குத் தேவையானது போக மிச்சத்தைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியே தள்ள வேண்டும். அதைச் செய்யும் மரபணு இவர்களுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பழுதாக வந்திருக்கும். செம்பு கல்லீரலில் தேங்கும், அங்கே நிரம்பினால் மூளைக்கும் கண்ணுக்கும் போகும். கருவிழி விளிம்பில் பழுப்பும் பொன்னும் கலந்த ஒரு வளையம் படியும். வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது, கண் டாக்டரின் கருவியில் பார்க்க வேண்டும். என் மகனின் கண்ணில் அது இருந்தது. கல்லீரலில் மட்டும் நோய் வந்த பிள்ளைகள் பலருக்கு வளையம் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வளையம் இல்லை என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

இதில் என் முட்டாள்தனம் ஒன்று. நோயை உறுதி செய்ய 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அதில் எவ்வளவு செம்பு இருக்கிறது என்று பார்ப்பார்கள். டப்பா கொடுத்தார்கள். இரவில் பையன் எழுந்து டப்பாவில் பிடிக்கச் சிரமப்படுகிறான் என்று, வீட்டிலிருந்து கொண்டு போயிருந்த செம்புச் சொம்பில் பிடித்து அதிலிருந்து டப்பாவில் ஊற்றினேன். செம்பை அளக்கும் சோதனைக்குச் செம்பிலேயே பிடித்த ஆள் நானாகத்தான் இருப்பேன். ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர் திகைத்துப் போய், எப்படிச் சேர்த்தீர்கள் என்று கேட்டார். மறுபடி சேர்த்து, வெளியூர் லேபுக்கு அனுப்பி, இன்னும் நாலு நாள் போனது. ஆசிட் விட்டுக் கழுவிய டப்பாவை லேபே கொடுக்கும், வேறு எந்தப் பாத்திரமும் இடையில் வரக் கூடாது, காலையில் முதல் சிறுநீரை விட்டுவிட்டு அங்கிருந்து மறுநாள் முதல் சிறுநீர் வரை ஒரு சொட்டு விடாமல் சேர்க்க வேண்டும். சொம்பு என்றதும் இன்னொன்று. உடம்புக்கு நல்லது என்று யாரோ சொல்லி, இரண்டு வருஷமாகச் செம்புக் குடத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துத்தான் நாங்கள் குடித்துவந்தோம். அதனால் நோய் வரவில்லை, நோய் பிறவியிலேயே இருந்தது, ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் குடம் ஆகாது என்றார்கள்.

ஆகஸ்ட் முதல் வாரம் சென்னைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் வாணியம்பாடி தாண்டும்போது பையன் என்னைப் பார்த்து, "அப்பா, சீசன் முடிஞ்சுதா?" என்று கேட்டான். பதில் சொல்ல வாய் வரவில்லை.

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பெனிசிலமைன் ஆரம்பித்தார்கள். 1956ல் வால்ஷ் என்ற ஆங்கிலேய டாக்டர் இந்த நோய்க்குக் கொண்டுவந்த மருந்து. செம்பைப் பிடித்து இழுத்துச் சிறுநீரில் தள்ளும். ஆனால் அது வேலை செய்ய வாரங்கள், மாதங்கள் ஆகும். எங்கள் கையில் அவ்வளவு நாள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார்கள். லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனைக்காரர்கள் 2005ல் வெளியிட்டது. ரத்தச் சோதனையில் வரும் பிலிருபின், ஐ.என்.ஆர்., ஏ.எஸ்.டி., வெள்ளை அணுக்கள், ஆல்புமின் என்று ஐந்துக்கும் மார்க் போட்டு மொத்தம் 20க்குக் கணக்கிடுவார்கள். 11ஐத் தொட்டால் மாற்றுக் கல்லீரல் இல்லாமல் பிழைப்பது கடினம். சேர்த்த அன்று மகனுக்கு 9. ரத்தத்தின் நீர்ப் பகுதியை எடுத்துவிட்டு வேறு ஏற்றும் பிளாஸ்மா மாற்று மூன்று முறை செய்தார்கள். ஐந்தாம் நாள் 12. பிள்ளைகள் மார்க் கூட வாங்க வேண்டும் என்றுதான் எந்த அப்பனும் ஆசைப்படுவான். அந்த ஐந்து நாளும் மார்க் ஏறக் கூடாது என்று நான் வேண்டாத சாமி இல்லை.

மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்கு அரசின் உறுப்பு மாற்று ஆணையத்தில் பெயர் பதியலாம், ஆனால் எப்போது கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் ஒருவர் கொடுப்பது உடனடி வழி. நான்தான் கொடுப்பேன் என்று சட்டையைக் கழற்றாத குறையாக நின்றேன். பையன் ஓ பிரிவு, நான் பி. முடியாது. பிரிவு பொருந்தியிருந்தாலும் முடியாது என்று ஸ்கேன் சொன்னது, எனக்குக் கொழுப்புக் கல்லீரல். "நான் குடிக்கவே மாட்டேனே சார்" என்றேன். வண்டியிலேயே உட்கார்ந்திருப்பதும் மூன்று வேளை மாவுச் சாப்பாடும் போதும் என்றார்கள். மனைவி ஓ பிரிவு. அப்போது எங்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது: அவளும் பழுதான மரபணுவைச் சுமப்பவள்தானே, அவள் கல்லீரலை வைத்தால் மறுபடி செம்பு சேராதா? சேராது. அம்மாவிடம் ஒரு நல்ல பிரதி இருக்கிறது, செம்பை வெளியேற்ற அந்த ஒன்று போதும். வில்சன் பிள்ளைகளுக்கு அப்பா, அம்மாவே கொடுத்து நன்றாக இருப்பவர்கள் நிறைய பேர். பெறுபவரின் எடையில் குறைந்தது 0.8 சதவீத எடைக்குக் கல்லீரல் வேண்டும் என்பது கணக்கு. மகன் 34 கிலோ, 272 கிராம் போதும். அவளுடைய இடது பாகமே தாராளம், பெரிய வலது பாகத்தை எடுக்கத் தேவையில்லை என்றார்கள். எடுத்தது அவளுக்கு மீண்டும் வளர்ந்துவிடும். இருந்தாலும் ஆரோக்கியமான ஒருத்தியைக் கத்திக்கு அனுப்புவது சாதாரணம் இல்லை. அவள் ஒரே ஒரு கதையைப் பிடித்துக்கொண்டாள். 1998ல் டெல்லியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்று நடந்தது ஒரு காஞ்சிபுரம் குழந்தைக்கு, ஒன்றரை வயதைத் தாண்டிய குழந்தை, கல்லீரல் கொடுத்தது அதன் அப்பா, அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டருக்கே படித்தது என்று நர்ஸ் ஒருவர் சொல்லியிருக்கிறார். "அந்த அப்பா கொடுத்தாரு இல்ல மாமா" என்றாள், அதோடு பேச்சு முடிந்தது.

இப்போது பணம். எஸ்டிமேட் 19 லட்சம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்றும் உண்டு. அரசு மருத்துவமனைகளிலேயே, சென்னை ஸ்டான்லியில், இந்த ஆபரேஷன் செய்கிறார்கள். அப்போது, 2022ல், ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருந்தால் அட்டை வாங்கலாம். ரேஷன் கார்டும் வி.ஏ.ஓ. வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்துக்குப் போனால் பதிந்து தருவார்கள். நான் பத்து வருஷமாகக் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ் முன்னால் வண்டி ஓட்டிப் போகிறவன், ஒருநாளும் உள்ளே போய் வாங்கவில்லை. மகன் படுத்த பிறகு தம்பியை அலைய விட்டு வாங்கி, மாற்று சிகிச்சைக்கு முன் அனுமதிக்குக் காத்திருக்க நாள் இல்லாமல் கையிலிருந்து கட்டினோம். மாந்தோப்பில் 60 சென்ட் போனது. ஏலச் சீட்டைத் தள்ளி எடுத்ததில் 70,000 நஷ்டம். மனைவியின் நகை முழுதும். இணையத்தில் நன்கொடை கேட்டதில் 3,40,000 வந்தது, முகம் தெரியாதவர்கள் கொடுத்தது. பிரதமர் நிவாரண நிதிக்கு எஸ்டிமேட்டோடு ஆபரேஷனுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பணம் கட்டி முடித்த பிறகு போய் நின்றேன், பிரயோஜனம் இல்லை. எஸ்டிமேட்டில் வராத செலவுகளையும் சொல்ல வேண்டும். ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கச் சொன்னார்கள், சமையலறை உள்ள அறைக்கு மாதம் 14,000 வாடகை. உறவை நிரூபிக்கும் காகிதங்கள் வேறு. உறுப்பு மாற்றுச் சட்டம் 1994ல் வந்தது, உறுப்பு வியாபாரத்தைத் தடுக்கத்தான். அதனால் பெற்ற தாயே கொடுத்தாலும் ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று, பழைய குடும்பப் போட்டோ என்று கேட்பார்கள், வீடியோவில் கேள்வி கேட்பார்கள். மனைவியின் பெயர் ஆதாரில் ஒரு எழுத்து, பையனின் பிறப்புச் சான்றில் ஒரு எழுத்து. அதற்கு மட்டும் இரண்டு நாள்.

செப்டம்பரில் ஆபரேஷன் நடந்தது. அதைப் பற்றி என்னால் அதிகம் எழுத முடியாது, நான் வெளியே ஒரு பெஞ்சில் இருந்தேன். மனைவி எட்டாம் நாள் நடந்தாள், மூன்று மாதம் குடம் தூக்கவில்லை. மகன் இருபத்து மூன்று நாளில் வார்டை விட்டு வந்தான். இப்போது அவனுக்குச் செம்புப் பிரச்சினை இல்லை, பெனிசிலமைன் இல்லை. அதற்குப் பதில் டாக்ரோலிமஸ், வாழ்நாள் முழுக்க. 1984ல் ஜப்பானில் சுக்குபா என்ற ஊர் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து கண்டுபிடித்தது. புதுக் கல்லீரலை உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்காமல் இருக்க வேண்டுமே, அதற்கு. காலை 8, இரவு 8, பத்து நிமிஷம் பிசகக் கூடாது என்று வீட்டில் அலாரம். மாத்திரை அளவு சோதிக்க ரத்தம் கொடுக்கும் நாளில், காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். முதல் தடவை போட்டுவிட்டுக் கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை வரை பஸ் ஏறிப் போய்த் திரும்பினோம். பம்பளிமாஸ் பழம் கூடாது, மருந்தின் அளவை ஏற்றிவிடும். மருந்துக் கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

இவ்வளவும் எழுதியது, உண்மையில், அடுத்த விஷயத்துக்காக. ஆகஸ்டில் நோய் உறுதியான அன்றே அந்தப் பெண் டாக்டர் கேட்டார், "வேற பிள்ளைங்க இருக்காங்களா?" ஒரு பொண்ணு, 9 வயசு, நல்லா இருக்கா, நல்லா சாப்பிடுவா என்றேன். "நல்லா இருந்தாலும் சோதிக்கணும். கூடப்பிறந்த ஒவ்வொருத்தருக்கும் நாலுல ஒரு வாய்ப்பு" என்று சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். சென்னையிலும் இரண்டு முறை சொன்னார்கள். மகன் தீவிர சிகிச்சையில் கிடக்கும்போது, அக்கா வீட்டில் பாண்டி ஆடிக்கொண்டிருக்கும் மகளுக்கு ரத்தம் எடுக்க எனக்கு மனசும் இல்லை, காசும் இல்லை. அதைவிட, பயம். ஐந்து மாதம் தள்ளிப் போட்டேன். 2023 ஜனவரியில், மகனின் செக்கப்புக்குப் போனபோது, டாக்டர் கடைசியாகத் திட்டி, அன்றே எடுக்க வைத்தார். ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தை அளக்கும் சோதனை, 20க்கு மேல் இருக்க வேண்டியது. அவளுக்கு 6. கல்லீரல் என்சைம்கள் இரண்டு மடங்குக்கு மேல். கண்ணில் வளையம் இல்லை, மஞ்சள் இல்லை, வீக்கம் இல்லை, வகுப்பில் இரண்டாவது ரேங்க். நோய் இருக்கிறது.

அன்று நான் அழவில்லை, எனக்கே ஆச்சரியம். டாக்டர் சிரித்தபடி, "இவளைச் சரியான நேரத்துல கொண்டு வந்துட்டீங்க" என்றார். காலையில் வெறும் வயிற்றில் பெனிசிலமைன், ஒரு மணி நேரம் கழித்துத்தான் இட்லி, கூடவே பி6 மாத்திரை. குறித்த இடைவெளியில் ரத்தமும் சிறுநீரும் பார்க்க வேண்டும், இந்த மருந்து சிலருக்குச் சிறுநீரகத்தையும் ரத்த அணுக்களையும் பாதிக்கும். சாக்லேட், முந்திரி, காளான், ஈரல் இல்லை. கொஞ்ச நாள் கழித்துத் துத்தநாக மாத்திரைக்கு மாற்றலாம், அது குடலிலேயே செம்பைத் தடுத்துவிடும் என்கிறார்கள். எதுவானாலும் நிறுத்தக் கூடாது. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று வருஷங்கள் கழித்து நிறுத்திவிட்டுக் கல்லீரல் செயலிழந்து வருகிறவர்கள் உண்டாம். ஒரே நோய். ஒரு பிள்ளைக்கு 60 சென்ட் தோப்பும் அவன் அம்மாவின் கல்லீரலில் ஒரு பாகமும். இன்னொரு பிள்ளைக்கு ஒரு மாத்திரை டப்பா.

மகளைப் பற்றி வெளியே சொல்லாதே, நாளைக்குக் கட்டிக் கொடுக்க வேண்டிய பிள்ளை என்று சொந்தத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். அதனால்தான் இதில் யார் பெயரும் இல்லை. ஆனால் பாலக்கோட்டில் இருக்கும் என் மனைவியின் தம்பியும் சொந்தத்தில்தான் கட்டியிருக்கிறான். இரண்டு பையன்கள், 11ம் 7ம். மூன்று முறை போய்ச் சொல்லிவிட்டேன். "எங்க பசங்களுக்கு ஒண்ணுமில்ல மாமா, நல்லா வெளயாடுறாங்க" என்கிறான். என்னுடைய வார்த்தைகளையே எனக்குத் திருப்பிக் கொடுப்பது போல இருக்கிறது. போன முறை பெரியவனை அழைத்து என் பெயரை எழுதச் சொல்லிப் பார்த்தேன். எழுத்து நேராகத்தான் இருந்தது, ஆனால் என் மகளின் எழுத்தும் நேராகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன். ரத்தம் எடுக்கத் தெரிந்த லேப் பையன் ஒருவனையும், கழுவிய டப்பாக்கள் இரண்டையும் இந்த முறை வண்டியிலேயே ஏற்றிப் போகிறேன்.